சூரியன் நிரபராதி

மார்ச் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் சங்கரன்கோவிலுக்குப் போனால் ஒரு காட்சி காணலாம். சூரிய வெளிச்சம் வாசல் வாசலாகத் தாண்டி, கருவறைக்குள் புகுந்து, சங்கரலிங்கத்தின் மேல் விழும். செப்டம்பரிலும் உண்டு. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாட்கள். சூரியன் நேர் கிழக்கே உதிக்கும். கோயிலைக் கட்டியவர்களுக்கு வானக் கணக்கு அத்துப்படி.

தரிசனம் முடிந்து டீக்கடையில் நின்றேன். விசைத்தறியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த இளைஞர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"உள்ள சூரியனைக் கும்பிட்டுட்டு வாறீய. அது எங்களப் போட்டு வறுக்குது அண்ணாச்சி. பகலக்கூட சமாளிச்சிரலாம். ராத்திரிலயும்லா புழுங்குது! சூரியனுக்கு வருஷா வருஷம் சூடு ஏறுதோ?"

நல்ல கேள்வி. விசாரித்துவிடலாம்.

சூரியனிலிருந்து கிளம்பும் வெளிச்சம் 15 கோடி கிலோமீட்டரை 8 நிமிஷம் 20 செகண்டில் கடக்கிறது. வழியில் ஒரு செக்போஸ்ட் கிடையாது. தகராறெல்லாம் கடைசி 100 கிலோமீட்டரில், நம் காற்று மண்டலத்தில்தான். சம்பளக் கணக்கில் சொன்னால், வருகிற 100 ரூபாயில் சுமார் 30 ரூபாய் எடுத்த எடுப்பிலேயே பிடித்தம். மேகம், தூசு, தரை எல்லாவற்றிலும் பட்டு விண்வெளிக்கே திரும்பிவிடுகிறது. இன்னொரு இருபது சொச்சத்தை நீராவி, ஓசோன் வகையறா விழுங்கிவிடும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தரை கையில் வாங்குகிறது.

தரை அதைச் சேர்த்து வைப்பதில்லை. சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் திருப்பி அனுப்புகிறது. இங்கேதான் நீராவியும் கரியமில வாயுவும் குறுக்கே வருகின்றன. இறங்கும் வெளிச்சத்தை விட்டுவிட்டு, ஏறும் வெப்பத்தை மட்டும் மடக்குகிற விசித்திரப் போர்வை. 1859-ல் லண்டனில் ஜான் டிண்டால் சோதனை செய்து காட்டிய சங்கதி. போர்வையே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் 15 டிகிரி வாக்கில் பிழைத்துக் கிடக்கிறோம். கனம் கூடினால்தான் ஆபத்து. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த கைங்கரியம்.

சரி, குற்றவாளி சூரியன்தான் என்றால் இரண்டு தடயங்கள் இருக்க வேண்டும். ஒன்று, இரவைவிடப் பகல் அதிகமாகச் சூடேறியிருக்க வேண்டும். இரண்டு, காற்றின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்ஃபியரும் சூடேறியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. உலகின் பெரும்பாலான நிலப்பரப்பில் இரவுகளின் சூடுதான் அதிகம் ஏறியிருக்கிறது. மேலடுக்கோ குளிர்ந்திருக்கிறது. போர்வைக்குள் புழுக்கம், வெளியே குளிர். தவிர, 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்துகொண்டிருக்கின்றன. சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை லேசாகக் கூடிக் குறைவதைத் தவிர, நிரந்தர ஏற்றம் எதுவும் இல்லை.

"நம்ம ஊர்க்காரங்களே சூரியனைக் கண்காணிச்சுக்கிட்டுதான் இருக்காங்க" என்றேன். 2023 செப்டம்பர் 2-ல் இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, பக்கத்துச் செங்கோட்டைக்காரர்.

"அப்ப சூரியன் மேல தப்பில்ல?"

"இல்லை. உங்க தறிக்கூடத்துத் தகரமும் சுவரும் பகல் சூட்டை வாங்கி ராத்திரி விடுறது ஒரு காரணம். அதுக்கு மேல இந்தப் போர்வை."

இளைஞர் கொஞ்சம் யோசித்தார். "போர்வைய கனமாக்குனவன் ஏ.சி.ல தூங்குதான். தகரத்துக்குக் கீழ நாங்கல்லா கெடக்கோம்" என்று சொல்லிவிட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் பொதிகை எக்ஸ்பிரஸ். ஏ.சி. பெட்டி. படுக்கையில் மடித்து வைத்திருந்தார்கள், ஒரு கம்பளிப் போர்வை. நடுராத்திரி குளிர் தாங்காமல் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.