முதல் மட்டை ஏழாம் நம்பர்



சென்ற இதழில் கோல்ஃப் பற்றி ஒரு கட்டுரை போட்டோம். விளையாட்டின் வரலாற்றைப் பற்றியும் வீரர்களைப் பற்றியும் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: “முதல்முதலாக வாங்குகிறேன், எந்த செட் வாங்கட்டும்?” கோவையிலிருந்து எழுதிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, “அடுத்த மாதம் துபாயிலிருந்து மருமகன் வருகிறார். எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லுங்கள், வாங்கி வரச் சொல்லிவிடுகிறேன்” என்று அவசரப்படுத்தியிருக்கிறார். மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் ஒரு தாய், கடைக்காரர் சொன்ன விலையை எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். அந்த ஆச்சரியக்குறிக்காகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டேன்.

கம்பெனி கிடக்கட்டும். முழு செட்டே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஒருவர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14 மட்டைகள் எடுத்துப் போகலாம் என்பது விதி. அமெரிக்காவில் 1938-இல் வந்தது, பிரிட்டனில் அடுத்த ஆண்டு. அதற்கு முன்பு கணக்கே கிடையாது. இருபது, இருபத்தைந்து என்று பையில் திணித்துக்கொண்டு போனார்கள். பையைச் சுமந்து கூடவே நடக்கும் உதவியாளர்களான ‘கேடி’கள் பாடு திண்டாட்டம். இதற்கு மேல் போகாதே என்று தடுக்க வந்த எண்ணை, இவ்வளவும் இருந்தால்தான் செட் என்று கடைகள் நாளடைவில் மாற்றிவிட்டன. குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சிக் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் யு.எஸ். ஓப்பனை வென்றபோது அவர் பையில் இருந்தவை ஏழே மட்டைகள், அதுவும் மரக்காம்பு வைத்தவை. அன்று அவர் எடுத்த 286 என்ற ஸ்கோரை அந்தப் போட்டியில் இருபது ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை.

ஏழுகூட இல்லாமல் ஆரம்பித்தவர் ஸ்பெயினின் செவெ பாலெஸ்டெரோஸ். வட ஸ்பெயினில் பெத்ரேன்யா என்ற கடலோர ஊர். அண்ணன் கொடுத்த மூன்றாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) ஒன்றுதான் பையனின் சொத்து. ஊரில் இருந்த கோல்ஃப் மைதானத்தில் நினைத்த நேரத்தில் இறங்கி ஆட முடியாது. கடற்கரை மணலில் அடித்துப் பழகினார். தூரம் போக வேண்டுமானாலும் அதே மட்டை, மெல்லத் தட்ட வேண்டுமானாலும் அதே மட்டை. மணலுக்குள் புதைந்த பந்தை எடுக்க, மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதை அந்தக் கரையிலேயே கண்டுபிடித்துக்கொண்டார். 1979-இல், 22 வயதில், பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். நம் பக்கத்திலும் ஆள் உண்டு. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு சின்னசாமி முனியப்பாவும் கேடிகளாக இருந்தவர்கள். அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்தே ஆட்டத்தைப் படித்தவர்கள்.

செவெயைப் பார்த்து யாரும் மூன்றாம் நம்பரைத் தேடிப் போக வேண்டாம். அயர்ன்களிலேயே அடம்பிடிப்பது அதுதான். இப்போதெல்லாம் தொடக்கக்காரர் செட்களில் அதைப் போடுவதே இல்லை. நீங்கள் தேட வேண்டியது ஏழாம் நம்பர்.

அயர்ன்களின் கணக்கு எளிது. நம்பர் குறையக் குறையக் காம்பு நீளும், முகம் நிமிரும், பந்து தாழப் பறந்து தூரம் போகும். நம்பர் கூடக் கூடக் காம்பு குட்டையாகும், முகம் மல்லாந்து சாயும், பந்து உயரே எழும்பிப் பக்கத்திலேயே விழும். ஏழு இந்த வரிசைக்கு நடுவில் நிற்கிறது. காம்பு சுமார் 37 அங்குலம், முகத்தின் சாய்வு முப்பது டிகிரியை ஒட்டி. அது ஓரளவு கைவந்துவிட்டால் மேலேயும் கீழேயும் உள்ளவை தானாகப் பிடிபடும். டிரைவிங் ரேஞ்ச் என்னும் பயிற்சித் திடலில் இரவல் மட்டை கிடைக்கும். முதல் சில வாரங்களுக்கு அதில் ஏழாம் நம்பரை மட்டும் எடுத்து, அரைவீச்சாக அடித்துக்கொண்டிருங்கள். காசு அதுவரை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அதன் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வாங்கலாம். என் பட்டியல் இது: ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், பிட்சிங் வெட்ஜ், மணல்குழிக்கு 54 அல்லது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், தூரத்துக்கு ஐந்தாம் நம்பர் ஹைப்ரிட், பிறகு பந்தைக் குழிக்குள் தட்டிவிடப் புட்டர். ஆறே ஆறு. கடையில் ஹாஃப் செட் என்று கேட்டால் இதை ஒட்டிய ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள்.

முதல் அடிக்கு எடுக்கும் டிரைவர் மட்டையைக் காணோமே என்பீர்கள். எல்லோருக்கும் கண் போவது அதன்மேல்தான். தலை பெரிது, பளபளப்பு, அடித்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் சத்தம். பெரிய பிராண்டின் புது டிரைவர் ஒன்றே அரை லட்சம் ரூபாயைத் தொட்டுவிடுகிறது. ஆனால் செட்டிலேயே நீளமான மட்டை அது. 45 அங்குலம் வாக்கில் இருக்கும். நீளம் கூடினால் நடுவில் பட வைப்பது கடினம். முகத்தின் சாய்வும் பத்து டிகிரி அளவில்தான் என்பதால், அடி கொஞ்சம் கோணினாலும் பந்து பக்கவாட்டில் சுழன்று வலப்புறம் வளைந்து புதருக்குள் போய்விடும். ஹைப்ரிட்டுக்குச் சாய்வு அதிகம், காம்பும் குட்டை. அதே கோணல் அடியில் பந்து ஓரமாகவாவது கண்ணில் படும். டிரைவரை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள், அப்போதும் 12 டிகிரிக்குக் குறையாததாக.

புட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பார் 72 உள்ள, அதாவது 72 அடிகளில் ஆட்டத்தை முடிக்க வேண்டிய மைதானத்தில், ஒவ்வொரு குழிக்கும் புட்டரால் இரண்டு தட்டு என்று வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டுக் குழிக்கு 36, அதாவது சரிபாதி. அப்படியிருக்க, செட்டோடு சும்மா வந்தது என்று ஏதோ ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். கடைக் கம்பளத்தில் பந்தை வைத்துப் பத்துப் பதினைந்து முறை தட்டிப் பாருங்கள். குனிந்து பார்க்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முதுகு இழுக்கக் கூடாது.

அயர்ன் வாங்கும்போது அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று தட்டையாக இருந்தால் அது கைதேர்ந்தவர்களுக்கானது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நடுவில் குழித்து, இரும்பை ஓரங்களுக்குத் தள்ளியிருந்தால் அது உங்களுக்கானது. நடுவைத் தவறவிட்டு ஓரத்தில் அடித்தாலும் இந்த மட்டை கையில் அவ்வளவாகத் திருகாது, பந்தும் அவ்வளவாகத் தூரம் இழக்காது. இந்த யோசனையைப் பெரிதாக வளர்த்தவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ஸ்டன் சோல்ஹைம். செருப்புத் தைத்தவர், பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியர். கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 42. புட்டர் கைக்கு அடங்கவில்லை. கை சரியில்லை என்று தம்மை நொந்துகொள்ளாமல், மட்டை சரியில்லை என்று முடிவு கட்டி, வீட்டு கராஜில் புது மட்டை செய்ய இறங்கிவிட்டார். எடையைத் தலையின் இரு முனைகளுக்கும் பிரித்து வைத்து 1959-இல் அவர் செய்த புட்டர், பந்தைத் தட்டும்போது ‘பிங்’ என்று ஒலித்தது. கம்பெனிக்கு அதுவே பெயரானது. அதே கணக்கை அயர்ன்களுக்கும் கொண்டுபோனார். ஐம்பதைக் கடந்து ஆட வரும் வாசகர்கள் எல்லோரும் அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

பழைய மட்டை வாங்கலாமா? தாராளமாக. அயர்ன் எளிதில் கெடுகிற பொருள் இல்லை. பத்து வருஷப் பழைய நல்ல அயர்னுக்கும் இன்றைய புதுசுக்கும் உள்ள வித்தியாசம் தொடக்கக்காரர் கைக்குத் தெரியவே தெரியாது. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்க வேண்டும். மட்டையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே கடகடவென்றால் தலையை ஒட்டிய பசை விட்டுப்போகிறது என்று அர்த்தம். ஸ்டீல் காம்பு தலையோடு சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபைட் காம்பென்றால் விரலால் மேலிருந்து கீழ் தடவி, கீறலோ வெடிப்போ நெருடினால் விட்டுவிடுங்கள். கிரிப் இறுகிப் பளபளத்துப் போயிருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று வராதீர்கள். கிரிப்பைச் சில நூறு ரூபாயிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். பெரிய பிராண்டின் புது செட் கால் விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அது போலி.

அடுத்தது அளவு. உயரத்தை மட்டும் கேட்டு மட்டையை நீட்டும் கடைக்காரரை நம்ப வேண்டாம். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கை நீளம் ஒன்றாக இருப்பதில்லை. ஷூ போட்டு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் நீளம் முடிவாக வேண்டும். பிறகு ஏழாம் நம்பரைப் பிடித்து, ஆடும் நிலையில் நின்று, மட்டையைத் தரையில் வையுங்கள். நுனிப்பக்கம் ஓர் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு மேலே இருந்தால் சரி. நுனி அண்ணாந்து நின்றால் பந்து இடப்பக்கம் போகும். காம்பை ஒட்டிய பக்கம் தூக்கி நின்றால் வலப்பக்கம் போகும். இதைச் சரிசெய்யாமல் ஆடினால் மட்டையின் குறைக்கு நம் உடம்பை வளைத்துப் பழகிவிடுவோம். அந்தப் பழக்கத்தைப் பின்னால் எந்தப் பயிற்சியாளராலும் லேசில் கழற்ற முடியாது.

காம்பில் ஒட்டியிருக்கும் எழுத்துகளில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. எஸ் என்றால் விறைப்பு, ஆர் என்றால் நடுத்தரம், ஏ என்றால் இன்னும் கொஞ்சம் வளையும். இளைஞர்கள் வீரமாக எஸ் எடுத்துப் பிறகு பந்து எழும்பவில்லை என்று புலம்புகிறார்கள். கோவை நண்பர் ஏ எழுத்தும் கிராஃபைட் காம்பும் கேட்டு வாங்கட்டும்; எடை குறைவு, முழங்கைக்கு அதிர்வும் குறைவு.

வாங்கிய பிறகு ஒரு சோதனை. மட்டை முகத்தில் கொஞ்சம் குட்டிக்கூரா பவுடரைத் தூவிவிட்டுப் பந்தை அடியுங்கள். பவுடரில் பந்து வட்டமாகத் தடம் பதித்திருக்கும். தடம் நுனியில் விழுகிறதா, காம்பை ஒட்டி விழுகிறதா, நடுவிலா? பத்துப் பந்து அடித்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். பயிற்சியாளரிடம் போகும்போது அதைச் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம். பவுடர் வாசனைக்குப் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பரவாயில்லை.

மகளுக்காக எழுதிய அம்மாவுக்கு: பெரியவர்களின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் செய்கிறார்கள். வெட்டினால் காம்பு விறைக்கும், தலையின் எடை அப்படியே இருக்கும். குழந்தை அதைத் தூக்குவதற்கே உடம்பைக் கோணும். அவள் உயரத்துக்கு ஏற்ற ஜூனியர் மட்டை மூன்று போதும்: ஓர் அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு புட்டர். வளரும் பிள்ளை, அடுத்த ஆண்டே மாற்ற வேண்டி வரும். ஆகவே பயிற்சி வகுப்பில் இவளைவிடப் பெரிய பிள்ளைகளின் பெற்றோரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கோவை நண்பரே, மருமகனிடம் என்ன சொல்வது? பந்துகள் சொல்லலாம், விலை குறைந்த இரண்டடுக்குப் பந்துகளாக. முதல் ஆண்டில் எத்தனை குளத்துக்குப் போகும் என்று கணக்கு வைக்க வேண்டாம். கையுறையும் சொல்லலாம். வலக்கைக்காரருக்கு இடக்கைக்கு மட்டும்தான் கையுறை. பாக்கெட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் கடையில் சண்டை போட்டுவிடாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மட்டை மட்டும் வேண்டாம். உங்கள் மணிக்கட்டு கோவையில் இருக்கிறது.

இடக்கைக்காரர்களை விட்டுவிட்டேன். சோற்றுக்கையும் ஆடும் கையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபில் மிக்கெல்சன் மற்ற எல்லாவற்றுக்கும் வலக்கைக்காரர். அப்பா ஆடியதை எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகியதால் கோல்ஃபுக்கு மட்டும் இடக்கை. அதனால் ரேஞ்சில் இரண்டு பக்கமும் வீசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இடக்கைதான் என்று உறுதியானால், பழைய மட்டைச் சந்தையில் உங்களுக்கானது அபூர்வம். நல்ல இடக்கை ஏழாம் நம்பர் ஒன்று கண்ணில் பட்டால், கிரிப் எப்படியிருந்தாலும், பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்