வேகத்திற்கு ஓர் எல்லை

தனது கார்கள் எவையும் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி 2020 முதல் கட்டுப்படுத்தப்படும் என்று ஸ்வீடன் தேசத்து வோல்வோ ஸ்தாபனம் அறிவித்தபோது, அது வாங்குவோரின் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. 1959-இல் மும்முனை இருக்கைப் பட்டையை அறிமுகம் செய்து, அதைப் பிற உற்பத்தியாளரும் கையாள அனுமதித்த அந்த ஸ்தாபனத்தின் இத்தீர்மானத்தை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும் 180 என்பதே அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

அதிவிரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதித்து மத்திய சர்க்கார் 2018-இல் பிறப்பித்த அறிவிக்கையையே, உயிர்ச்சேதத்தைக் கருதி, சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் இடையறாதும் எச்சரிக்கை ஒலி எழுப்பும் சாதனம் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு அவசியமாக்கப்பட்டுள்ளது. வேகத்தை அறிந்து கூவத் தெரிந்த யந்திரத்திற்கு, அதைத் தடுக்கவும் கற்பிப்பது பிரமாதமான காரியமா? லாரிகளுக்கும் பஸ்களுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை விதித்துவிட்டு, சொந்தக் கார்களுக்கு மட்டும் விலக்களிப்பது நியாயமன்று. வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்மடங்காகும் என்ற பௌதிக நியதி, செல்வந்தரின் வாகனத்திற்கு விதிவிலக்களிப்பதில்லை.

முந்திச் செல்வதற்கு வேகம் வேண்டும் என்பர். அதற்கு வேண்டுவது விரைந்து வேகம் பிடிக்கும் திறனேயன்றி உச்ச வேகமன்று. நகர வீதிகளின் விபத்துக்களை இவ்வரம்பு தடுக்காது என்பது மெய்யே. நெடுஞ்சாலை மரணங்களில் சிலவற்றையேனும் தடுக்குமாயின் அதுவே போதிய காரணம். இந்நாட்டில் விற்பனையாகும் ஒவ்வொரு புதிய காரும் 120 கிலோமீட்டருக்கு மேற்செல்லாதபடி சட்டமியற்றுமாறு மத்திய சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.