கம்பெனி திவால், ஆனா கரன்ட் நிக்கலை: அந்த பில்லை யார் கட்டினாங்க? பிரிட்டன் அனுபவம் சொல்லும் கணக்கு

நம்ம ஊரில் கரன்ட் பில் என்றால் மின்வாரியம்தான், வேறு சாய்ஸ் கிடையாது. பிரிட்டனில் கதையே வேறு. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு கம்பெனிகளிடம் கரன்டும் கேஸும் வாங்கலாம். விலை பிடிக்கவில்லையா? மொபைல் நம்பரை வைத்துக்கொண்டே நெட்வொர்க் மாறுவது போல, ஆன்லைனிலேயே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, மாறிப்போன அந்தக் கம்பெனியே திவாலாகிவிட்டால்? 2021 ஜூலை முதல் 2022 மே வரை அங்கே நடந்தது இதுதான். 29 சப்ளை கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. சுமார் 40 லட்சம் வீடுகள் பாதிக்கப்பட்டன. கம்பெனி மூடியதால் யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஆனால் அதற்கான செலவு பின்னாடியே வந்து எல்லார் பில்லிலும் ஏறியது.

கம்பெனிகள் ஏன் விழுந்தன?

விழுந்தவற்றில் பெரும்பாலானவை மின்சாரம் தயாரிக்கும் நிறுவனங்கள் அல்ல. மொத்தச் சந்தையில் கரன்டையும் கேஸையும் வாங்கி வீடுகளுக்கு விற்பவை. கம்பிகளும் குழாய்களும் வேறு நிறுவனங்களின் கையில் இருப்பதால், பெரிய முதலீடு இல்லாமலேயே இந்தத் தொழிலுக்குள் வர முடிந்தது. போட்டி வந்தால் விலை குறையும் என்ற கணக்கில், ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் உரிமங்களை எளிதாக வழங்கியது. 2018ல் சுமார் 70 கம்பெனிகள் சந்தையில் இருந்தன.

2021ல் மொத்தச் சந்தையில் கேஸ் விலை எகிறியது. பெரிய கம்பெனிகள் பல மாதங்களுக்குத் தேவையானதை முன்கூட்டியே ஒரு விலைக்குப் பேசி வைத்திருந்தன. பல சின்ன கம்பெனிகள் அப்படிச் செய்யவில்லை. அன்றைய விலைக்கு வாங்கியே ஆக வேண்டிய நிலை.

விற்கும் விலையை ஏற்றவும் வழியில்லை. 2019 ஜனவரி முதல் வீட்டு இணைப்புகளுக்கு விலை உச்சவரம்பு இருந்தது. அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அது மாறும். 2021 அக்டோபரில் சராசரியாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு என்பதே வரம்பு. அதிக விலைக்கு வாங்கி குறைந்த விலைக்கு விற்றால் எத்தனை நாள் தாங்கும்? செப்டம்பரில் சுமார் 5.8 லட்சம் வாடிக்கையாளர்கள் கொண்ட அவ்ரோ எனர்ஜி விழுந்தது. நவம்பரில் 15 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் கொண்ட பல்ப் விழுந்தது.

வாடிக்கையாளர்களுக்கு என்ன ஆனது?

ஒரு கம்பெனி விழுந்ததும் ஆஃப்ஜெம் வேறொரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து வாடிக்கையாளர்கள் அனைவரையும் அதனிடம் ஒப்படைக்கும். 'கடைசிப் புகலிட சப்ளையர்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். வீட்டுக்காரர் எந்த ஃபார்மும் நிரப்ப வேண்டாம். "மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு வேறு கம்பெனிக்கு மாறாதீர்கள், புது கம்பெனி தொடர்புகொள்ளும்வரை காத்திருங்கள்" என்பதே ஆஃப்ஜெம் கொடுத்த அட்வைஸ்.

பல்ப் அளவில் ரொம்பப் பெரிது. அதை இப்படி ஒரே கம்பெனியின் கையில் கொடுக்க முடியவில்லை. அதனால் அரசுப் பணத்தில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் நடத்தப்பட்டு, 2022 டிசம்பரில் ஆக்டோபஸ் எனர்ஜியிடம் போனது.

கட்டி வைத்த காசு என்ன ஆச்சு? அங்கே பலரும் மாதாமாதம் ஒரே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து கழிக்க விட்டுவிடுவார்கள். கோடையில் மிச்சமாகும் பணம் குளிர்காலத்து ஹீட்டர் செலவுக்கு உதவும். கம்பெனி விழுந்தாலும் இந்த முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. புது கணக்கில் வரவு வைக்கப்படும்.

சிக்கல் எங்கே வந்தது?

கேட்கும்போது எல்லாம் பக்காவாக இருக்கிறது. வீடுகளுக்குள் நடந்ததைப் பார்த்தால்தான் ஓட்டைகள் தெரியும்.

முதலாவது, விலை. இரண்டு வருடத்துக்கு இதே ரேட் என்று ஒப்பந்தம் போட்டவர்களுக்கு, கம்பெனி போனதும் அந்த ஒப்பந்தமும் போனது. புது கம்பெனியின் வழக்கமான விலைக்குத்தான் மாற வேண்டும். 2022 ஏப்ரலில் உச்சவரம்பு ஒரே அடியாக 54 சதவீதம் ஏறி 1,971 பவுண்டானபோது, அந்த உயர்வு அவர்கள் மீதும் விழுந்தது.

இரண்டாவது, பாக்கி. வாடிக்கையாளரின் முன்பணம் புது கம்பெனிக்குப் போகும். ஆனால் அவர் பழைய கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி பல நேரங்களில் திவால் நிர்வாகியிடமே இருந்துவிடும். இங்கேதான் பிரச்சினை. 12 மாதங்களுக்கு முன்பு பயன்படுத்திய கரன்டுக்கு, தன் தவறால் பில் போடாமல் விட்ட சப்ளையர் இப்போது வந்து காசு கேட்கக் கூடாது என்பது ஆஃப்ஜெம் விதி. கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை தர வேண்டும் என்பதும் விதி. இவை உரிமம் பெற்ற சப்ளையர்களைக் கட்டுப்படுத்தும். திவால் நிர்வாகி சப்ளையர் அல்ல. 2021 நெருக்கடிக்கு முன்பே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் ஆலோசனை அமைப்பு இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியிருந்தது.

270 கோடி பவுண்டு யாருடையது?

புது கம்பெனிகள் இவ்வளவு பேரை இலவசமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்காக அதிக விலையில் வாங்கிய கரன்ட், கேஸ் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அந்தச் செலவை எல்லா வாடிக்கையாளர்களிடமிருந்தும் வசூலிக்க விதிகளில் இடமிருக்கிறது. பல்ப்பைத் தவிர்த்து மற்ற கம்பெனிகளின் வீழ்ச்சிக்கு மட்டும் சுமார் 270 கோடி பவுண்டு, அதாவது வீட்டுக்கு 94 பவுண்டு ஆகும் என்று 2022 ஜூனில் பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது.

இதில் பெரும்பகுதி யூனிட் விலையில் ஏறாமல் நிலைக் கட்டணத்தில் ஏறியது. ஒரு யூனிட் கூடப் பயன்படுத்தாவிட்டாலும் தினமும் கட்ட வேண்டிய தொகை இது. 2022 ஏப்ரலில் மின்சாரத்துக்கான நிலைக் கட்டணம் சராசரியாக நாளொன்றுக்கு சுமார் 25 பென்ஸிலிருந்து 45 பென்ஸானது. திவாலான கம்பெனிகளின் செலவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அப்படின்னா என்ன அர்த்தம்? ஹீட்டரை அணைத்துவிட்டு ஒரே அறையில் முடங்கி மிச்சம் பிடிக்கும் முதியவரும், பெரிய பங்களாவில் இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு கட்டுகிறார்கள். மலிவு கம்பெனி பக்கமே போகாமல் பழைய கம்பெனியிலேயே இருந்தவருக்கும் அதே கட்டணம்தான். மலிவு ரேட்டின் லாபம் சிலருக்குப் போனது, நஷ்டம் எல்லாருக்கும் வந்தது.

தப்பு யார் மேல்?

கேஸ் விலை உயர்வை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் கைக்காசு இல்லாத கம்பெனிகளை உள்ளே விட்டது யார்? 2021 டிசம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் வெளியிட்ட அறிக்கை, தகுதியில்லாத கம்பெனிகள் மீது சரியான நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஆஃப்ஜெம்மை நேரடியாகக் குற்றம்சாட்டியது. தணிக்கை அலுவலகத்தின் முடிவும் இதற்கு ஒத்துப்போனது. உரிமையாளர்கள் சொந்தப் பணத்தை அதிகம் போடாமல், வாடிக்கையாளர்களின் முன்பணத்தையே முதலாக வைத்துத் தொழில் நடத்த இடம் இருந்தது. ஜெயித்தால் லாபம் உரிமையாளருக்கு. தோற்றால் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விடலாம்.

அதன் பிறகு ஆஃப்ஜெம் விதிகளை இறுக்கியது. சப்ளையர்கள் போதுமான மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. விலை உச்சவரம்பு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நிலைக் கட்டணம் பற்றி 2023 நவம்பரில் கருத்து கேட்டபோது பல்லாயிரக்கணக்கானோர் பதில் அனுப்பினார்கள்.

இது நமக்கு எதுக்கு?

2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் தாக்கலான மின்சாரத் திருத்த மசோதா, ஒரே பகுதியில் ஒரே கம்பிகளைப் பயன்படுத்திப் பல நிறுவனங்கள் மின்சாரம் வழங்க வழி செய்தது. தமிழ்நாடு அரசு அதை எதிர்த்தது. மசோதா நிலைக்குழுவுக்குப் போய், சட்டமாகாமலேயே காலாவதியானது. 2025 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் அதே யோசனை திரும்ப வந்திருக்கிறது.

பல கம்பெனிகள் வந்தால் ரேட் குறையுமா, கூடுமா என்பதைச் சுற்றியே இங்கு விவாதம் நடக்கிறது. பிரிட்டன் அனுபவத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில உண்டு. உரிமம் கேட்கும் கம்பெனி எவ்வளவு சொந்தப் பணம் போட வேண்டும்? அது விழுந்தால் நாம் கட்டிய வைப்புத்தொகை யார் கையில் இருக்கும்? பழைய பாக்கியை வசூலிக்க வருபவருக்கு எந்த விதி பொருந்தும்? மிச்சச் செலவை எந்த வீட்டு பில்லில், எந்த வரியில் சேர்ப்பார்கள்? பிரிட்டனில் இவற்றுக்கான விடை பலருக்கும் பில் வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே மசோதா இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது. கேட்பதற்கு நேரம் இருக்கிறது.