திரை கறுத்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள்

மாணவர்களே, இந்தக் காட்சி உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். சனிக்கிழமை இரவு. நண்பர்கள் எல்லாரும் இணையத்தில் கூடிவிட்டீர்கள். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் திரை கறுத்துப் போகிறது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் திரையில் மிதக்கிறது. கணினி அணையவில்லை, உள்ளே விசிறி முன்பைவிடப் பலமாக இரைகிறது. ஹெட்போனில் நண்பர்கள் "டேய், எங்கடா போன?" என்று கத்துவதும் கேட்கிறது. உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

போன ஆண்டு இது என் தம்பிக்கு நடந்தது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஒரு கடையில் வேலை செய்து சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. "கிராஃபிக்ஸ் கார்டு போயிருச்சுக்கா" என்றான். யாரோ அப்படிச் சொன்னார்களாம். பழைய கார்டை 450 ரிங்கிட்டுக்கு விற்றான். கையிருப்பைப் போட்டு 1,400 ரிங்கிட்டுக்கு இன்னொரு கார்டு வாங்கிப் பொருத்தினான். மூன்றாம் நாள் மாலை திரை மறுபடியும் கறுத்தது. பழைய கார்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்த கோளாறு, புதிய கார்டில் மணிக்கு ஒரு முறை என்ற அளவுக்குக் கூடிவிட்டது.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் மாறிகளைப் பற்றி ஓயாமல் பேசும் அறிவியல் ஆசிரியை நான். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். பெட்டியைத் திறந்து தூசியைத் துடைத்தேன். டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். எச்.டி.எம்.ஐ. கேபிளையும் மாற்றினேன். எல்லாம் ஒரே பிற்பகலில். தம்பி இரண்டு மணி நேரம் விளையாடிப் பார்த்தான், திரை கறுக்கவில்லை. "பார்த்தியா?" என்று பெருமையாகக் கேட்டேன். அன்று அவன் விளையாடியது ஒரு பழைய, இலகுவான விளையாட்டு என்பதை நான் கவனிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை கோளாறு திரும்ப வந்தது.

ஒருவேளை அது வராமலே போயிருந்தாலும் எது சரிசெய்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த ஒன்றைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. ஆரம்பப் பள்ளியிலிருந்தே உங்களிடம் கேட்கிறோமே, 'இந்த ஆராய்வில் தற்சார்பு மாறி யாது? சார்பு மாறி யாது? கட்டுப்படுத்தப்பட்ட மாறி யாது?' என்று. அதற்கு நான் முழு மதிப்பெண் வாங்குவேன். ஆனால் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனபோது அந்த அறிவு என் கைக்கு வரவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பப் பழகியிருக்கிறோம். அதைச் செய்து பார்க்கப் பழகவில்லை. இது மாணவர்களின் குறை அல்ல. கற்பிக்கும் எங்கள் குறை.

சரி, முறையாகச் செய்தால் எப்படி இருக்கும்? முதலில் உற்றறிதல். கருவி எதையும் தொடாமல், கோளாறு வரும்போது என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். திரை கறுத்த பிறகும் ஒலி வருகிறதா? வந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் பாதையில்தான் எங்கோ அறுந்திருக்கிறது. கணினி முழுவதும் அணைந்து தானாக மீண்டும் தொடங்கினால் சந்தேகம் மின்வழங்கிப் பக்கம் போகும். சில நொடிகள் கறுத்துவிட்டுப் படம் தானாகத் திரும்பினால் டிரைவர் தடுமாறி எழுந்திருக்கக்கூடும். கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு நொடிகளுக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்க முயலும். அப்படி மீண்டால், ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டில் பெரும்பாலும் 4101 என்ற எண் விழும். அதே பதிவேட்டில் 41 என்ற எண்ணைப் பார்த்தவுடன் 'பவர் சப்ளை போச்சு' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணினி முறையாக அணையவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து நீங்களே அணைத்தாலும் அந்த எண்தான் வரும்.

எந்த விளையாட்டில் வருகிறது, தொடங்கி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். எப்போதும் இருபது நிமிடம் கழித்தே வந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். சில நாள் இரண்டே நிமிடத்தில், சில நாள் ஒன்றரை மணி நேரத்தில் என்று ஒழுங்கே இல்லாமல் வந்தால் வேறு ஏதோ. தம்பிக்கு வந்தது இந்த இரண்டாம் வகை.

பிறகு கருதுகோள்கள். நாங்கள் நான்கு எழுதினோம்: வெப்பம், மின்சாரம், கேபிள், டிரைவர். இவற்றில் எது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது கேள்வியே இல்லை. எதை எளிதாகப் பொய் என்று காட்ட முடியும் என்பதுதான் கேள்வி. காசில்லாமல் செய்யக்கூடிய சோதனையிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வெப்பத்தைச் சோதிக்கப் பணம் தேவையில்லை. கார்டின் வெப்பநிலையை நொடிக்கு நொடி கோப்பில் பதியும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஜி.பி.யூ.-இசட் அவற்றில் ஒன்று. திரை கறுத்த பின் கணினியை மீண்டும் இயக்கி, அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். விமானத்தின் கறுப்புப் பெட்டி மாதிரி. நம் நாட்டில் இந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. காற்றாடி கார்டைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக ஆக்க முடியாது. 20 பாகை செல்சியஸ் அறையில் 70 பாகையில் நிற்கும் கார்டு, குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டு 32 பாகை அறையில் ஏறக்குறைய 82 பாகையைத் தொடும். வெளிநாட்டுக் காணொளியில் 'கவலை வேண்டாம்' என்பவர் எந்த ஊர் அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்! எங்கள் வீட்டுக் கோப்பின் கடைசி வரி 71 பாகை என்றது. இரண்டாம் முறை 69. வெப்பக் கருதுகோளைக் கோடு போட்டு அடித்தோம்.

கேபிளுக்கு வேறு வழி. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 3 ஜிகாபிட். 144 படம் என்றால் 7 ஜிகாபிட்டைத் தாண்டும். 3-ஐத் தாங்கும் சுமாரான கேபிள் 7-ஐத் தாங்காமல் போகலாம். ஆகவே திரையின் புதுப்பிப்பு வேகத்தை 60-க்குக் குறைத்து, மற்ற எதையும் தொடாமல் விளையாடிப் பாருங்கள். எங்களுக்கு 60-இலும் திரை கறுத்தது. இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கேஸ் சிலிண்டர் வைத்த நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்திருக்கும்போது உண்டாகும் நிலைமின் துள்ளல், கவசம் சரியில்லாத கேபிளில் புகுந்து திரையைச் சில நொடிகள் அணைத்துவிடுவது உண்டு. நாற்காலியும் ஒரு மாறிதான்.

மிஞ்சியதில் பெரிய சந்தேகம் மின்சாரம். இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். தம்பியின் கார்டு முழு வேகத்தில் ஏறத்தாழ 300 வாட் எடுக்கும். தாய்ப்பலகையின் துளை அதிகபட்சம் 75 வாட் தரும். மீதி 225 வாட் தனிக் கேபிள் வழியாக 12 வோல்ட்டில் வர வேண்டும். மின்னோட்டம் = 225 ÷ 12 = 18.75 ஆம்பியர். கேபிளும் பிளக்கின் தொடுமுனைகளும் சேர்ந்து 0.02 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்த இழப்பு 18.75 × 0.02 = 0.375 வோல்ட். பரவாயில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு சீராக மின்சாரம் குடிப்பதில்லை. காட்சி திடீரென மாறும்போது ஆயிரத்தில் சில பங்கு நொடிக்கு அதன் தேவை இரண்டு மடங்குக்குக்கூட எகிறும். அப்போது இழப்பு 0.75 வோல்ட், கார்டுக்குக் கிடைப்பது 11.25. ஏ.டி.எக்ஸ். தரநிலை நெடுங்காலமாக 12 வோல்ட் தடத்துக்கு அனுமதித்த விலகல் 5 விழுக்காடு, அதாவது 11.4 வரை. அதற்குக் கீழே போனால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடக்கூடும். வெப்பநிலை மெதுவாக ஏறும். இந்தத் தாவல் அப்படி இல்லை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் தாளில் இருந்த ஒழுங்கின்மைக்கு இது பொருந்தியது. புதிய கார்டில் கோளாறு ஏன் கூடியது என்பதற்கும் பொருந்தியது. அது பழையதைவிட அதிகம் மின்சாரம் கேட்கும் கார்டு.

பொருந்துவது போதாது, சோதிக்க வேண்டும். கார்டின் மின்வரம்பைக் குறைக்கும் மென்பொருள் உண்டு. தற்சார்பு மாறி: மின்வரம்பு. சார்பு மாறி: திரை கறுக்கும் எண்ணிக்கை. கட்டுப்படுத்தப்பட்டவை: அதே விளையாட்டு, அதே அறை, அதே கேபிள், அதே டிரைவர். வரம்பை 70 விழுக்காட்டுக்கு இறக்கினோம்.

எவ்வளவு நேரம் கறுக்காமல் ஓடினால் நம்பலாம்? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மணிக்குச் சராசரியாக ஒரு முறை, ஆனால் ஒழுங்கின்றி வரும் கோளாறு, எதையும் சரிசெய்யாமலே ஒரு மணி நேரம் வராமல் இருக்க ஏறக்குறைய 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூன்று மணி நேரம் வராமல் இருக்க 0.37 × 0.37 × 0.37, அதாவது சுமார் 5 விழுக்காடு. ஆகவே ஒரு மணி நேரம் ஓடியதும் 'சரியாயிற்று' என்று குதிப்பது, நாணயத்தை ஒரே முறை சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு மாலை, மொத்தம் ஆறு மணி நேரம் ஓடவிட்டோம். ஒரு முறைகூடக் கறுக்கவில்லை. வரம்பை 100-க்கு ஏற்றினோம். நாற்பதாவது நிமிடத்தில் கறுத்தது. தம்பி, தன் ஆட்டம் போனதை மறந்து, "அக்கா, வந்துருச்சு!" என்று கைதட்டினான். மின்வரம்பைக் குறைத்தால் வெப்பமும் குறையும் என்று உங்களில் யாராவது இந்நேரம் கேட்டிருப்பீர்கள். நல்ல கேள்வி. அதனால்தான் வெப்பத்தை முன்பே தனியாக விலக்கி வைத்தோம்.

அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தோம். திறப்பவர்கள் கவனியுங்கள்: சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதன் உள்ளே உள்ள மின்தேக்கி 300 வோல்ட்டுக்கும் மேல் தேக்கி வைத்திருக்கலாம். நான் ஆசிரியை, நானும் திறக்க மாட்டேன்.

கார்டில் இரண்டு பிளக்குகள். இரண்டுக்கும் ஒரே கேபிளின் நுனியிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்திருந்தது. அவற்றில் ஒன்று முழுதாக உட்காரவும் இல்லை. பழைய கார்டிலும் அப்படியேதான் மாட்டியிருந்தானாம். இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யக் கை பரபரத்தது. இம்முறை அடக்கிக்கொண்டேன். முதலில் பிளக்கை மட்டும் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தினோம். இரண்டாம் மணி நேரத்தில் திரை கறுத்தது. பிறகு மின்வழங்கியோடு வந்து அட்டைப்பெட்டியிலேயே கிடந்த இரண்டாவது கேபிளை எடுத்து, பிளக்குக்கு ஒன்றாக மாட்டினோம். ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் பாதி. மின்னழுத்த இழப்பும் பாதி. அன்றிலிருந்து திரை கறுக்கவில்லை. செலவு ஒன்றுமில்லை.

'இதற்கு இவ்வளவு பாடா? கடையில் கொடுத்தால் பார்த்துத் தரமாட்டார்களா?' என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், தவறில்லை. நன்றாக ஓடும் மாற்றுப் பாகங்கள் கடைக்காரரிடம் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அவரால் முடியும். ஆனால் மணிக்கு ஒரு முறை வரும் கோளாறு, அவர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் வராது. 'நல்லாத்தானே இருக்கு' என்பார், அல்லது ஊகத்தில் எதையாவது மாற்றுவார். நீங்கள் எழுதிய தாளையும் கொண்டு போய்க் கொடுங்கள். எந்த விளையாட்டு, எத்தனை நிமிடம், என்ன வெப்பநிலை, எதை மாற்றியபோது நின்றது. அந்தத் தாளைப் படிக்க மறுக்கும் கடையாக இருந்தால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. பஞ்சில் பச்சைப்பயறு வளர்க்கும் ஆராய்வு நல்லதுதான். ஆனால் அதன் முடிவு வகுப்பில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். ஓடாத ஒரு மேசை விசிறியின் ரிமோட்டையோ, அடிக்கடி அறுந்துபோகும் ஒரு சார்ஜர் கேபிளையோ வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். விடை உங்களுக்கும் தெரியாமல் இருக்கட்டும். இந்தத் தவணை என் படிவம் 2 மாணவர்களிடம் விட்டுவிட்டு எரியும் ஒரு கைவிளக்கைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு குழுக்கள் பேட்டரிதான் என்று அடித்துச் சொல்கின்றன. ஒரு குழு மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

தம்பியின் பழைய கார்டை வாங்கியவர் ஈப்போவில் இருக்கிறார். அது அவரிடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறதாம்.