விரல் தேய்ந்தால்தான் பாரம்பரியமா?

போலந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், பியாவிஸ்தோக் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில், உருளைக்கிழங்கு 'பாப்கா' என்றால் எல்லாருக்கும் தெரியும். பாப்கா என்ற சொல்லுக்குப் பாட்டி என்றும் பொருள் உண்டு. பச்சைக் கிழங்கைத் துருவிச் சூட்டடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம் அது. அங்கே சுப்ராஸ்ல் என்ற சிற்றூரில் இதைச் சுடுவதற்கென்றே உலகப் போட்டி நடத்துகிறார்கள்.

பெயரில் பாட்டி இருப்பதாலோ என்னவோ, கையால் துருவினால்தான் அது பாப்கா, யந்திரத்தில் அரைத்தால் பாப்கா ஆகாது என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. துருவுகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிலோ கிழங்காவது வேண்டும். தேங்காய்ப் பூப்போல உதிராகத் துருவினால் போதாது, கூழாக வேண்டும். அதற்குத் துருவியின் முள் பக்கத்தில் தேய்க்க வேண்டும். கிழங்கு சிறுத்து வரும்போது விரல் மூட்டுத் தோலும் சேர்ந்து போகும். நிறுத்தி இளைப்பாறவும் முடியாது. துருவிய கிழங்கு காற்றுப் பட்டால் கறுத்துவிடும். வெங்காயத்தையும் கூடவே துருவிச் சேர்ப்பது கறுப்பதைக் குறைக்கத்தான்.

1981 ஏப்ரல் முதல் 1989 ஜூலை வரை போலந்தில் இறைச்சிக்கு ரேஷன் அட்டை இருந்தது. வேலை முடிந்து, கடை வாசலில் கால் கடுக்க நின்று, வீட்டுக்கு வந்தும் அடுப்படியில் நின்றவர்கள் பெண்கள். கிடைத்த துண்டுக் கொழுப்பிறைச்சியைப் பொடியாக நறுக்கிக் கிழங்கில் கலந்தால் வீடு முழுவதற்கும் இறைச்சி மணம் வந்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் போற்றலாம். அவர்கள் பட்ட புண்ணையும் போற்ற வேண்டுமா?

பாப்காவின் உண்மையான நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. துருவிய கிழங்கைப் பிழிந்து, அந்தத் தண்ணீரைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மாவை மறுபடியும் கிழங்கிலேயே சேர்க்க வேண்டும். அவசரக்காரர்கள் அதைக் கொட்டிவிட்டுக் கோதுமை மாவை அள்ளிப் போடுகிறார்கள். பாப்கா களிபோல ஆகிவிடுகிறது. கெடுப்பது யந்திரமல்ல, இந்த அவசரம்தான்.

பிறகு இரண்டு முட்டை, இரண்டு மூன்று கரண்டி மாவு, வதக்கிய வெங்காயம், புகையிட்ட பன்றி இறைச்சி, உப்பு, மிளகு, மார்ஜோரம் சேர்க்க வேண்டும். மார்ஜோரம் வேறொன்றுமில்லை, கதம்பத்தில் வைத்துக் கட்டும் மருதான். சைவர்கள் இறைச்சியை விட்டுவிட்டு வெங்காயத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ருசி குறையும், ஆனாலும் நன்றாகவே இருக்கும். நெய் தடவிய தட்டில் ஊற்றி, 180 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு ஏறும். புளித்த பாலேடோ மோரோ தொட்டுக்கொள்ளலாம்.

துருவியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆண்பிள்ளைகள் தாங்களே துருவியை எடுத்துக்கொண்டு உட்காரட்டும். இல்லையானால் யந்திரத்தை வாங்கி வைக்கட்டும். மீந்த பாப்காவை மறுநாள் காலையில் துண்டு போட்டுக் கல்லில் இரு புறமும் சிவக்க வறுத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். முதல் நாளைவிட அதுதான் ருசி என்பவர்கள் அநேகர்.