நீதி போதனைக்கு வாத்தியார் வேண்டாமா?

ஸ்கூல்ல நீதி போதனை பீரியடுன்னு ஒண்ணு இருக்குமே, ஞாபகம் இருக்கா மக்களே? போர்ஷன் முடியலைன்னு கணக்கு வாத்தியார் பிடுங்கிக்குவாரே, அதேதான். மெடிக்கல் காலேஜ்ல அதுக்குப் பேர் ஏட்காம். மனப்பான்மை, அறம், நோயாளியிடம் பேசும் விதம் எல்லாம் சேர்த்து 27 பாடங்கள். 2018-ல் புத்தகம் போட்டு, 2019-ல் சேர்ந்தவங்களிலிருந்து கட்டாயமும் ஆக்கிட்டாங்க. சந்தோஷம். ஆனா நடத்த ஆள் எடுக்கலை. ஏற்கனவே இருக்கிற துறைகளே பங்கு போட்டுக்கணும். ஒரு மருத்துவக் கல்லூரிக்கு என்னென்ன துறை வேணும்னு பட்டியல் இருக்கு. அதுல அறவியல் கிடையாது.

கேட்டா, "அறமெல்லாம் சொல்லிக் கொடுத்து வராதுப்பா, அனுபவத்துல வரும்"பாங்க.

அப்படியா? 1986-ல் இந்தியாவிலேயே முதல்முறையா எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவி நிர்மலா, வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். அரசாங்கக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார் நிர்மலா. எதுக்குன்னு அவங்ககிட்ட சொல்லலைன்னு 2016-ல் அவரே பி.பி.சி.யிடம் சொன்னார். அவரைக் குத்தம் சொல்லலை. அந்த வேலையால பிழைச்ச உயிர்கள் ஏராளம். ஆனா அடைச்சு வெச்சிருக்கிற ஒரு பெண்ணால 'மாட்டேன்'னு சொல்ல முடியுமா? முடியாதுன்னா அவ கை நீட்டினதுக்குப் பேர் சம்மதமா? அனுபவசாலிகள் அன்னிக்கும் நிறைய பேர் இருந்தாங்க. இதைக் கேட்கறதையே வேலையா வெச்சிருந்த ஆள்தான் இல்லை.

இதுல செம காமெடி என்னன்னா, ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற எதிக்ஸ் கமிட்டியில வக்கீல் ஒருத்தர், சமூகவியல்காரரோ தத்துவக்காரரோ ஒருத்தர், பொதுஜனம் ஒருத்தர் இருக்கணும்னு ஐ.சி.எம்.ஆரே 2017-ல் எழுதி வெச்சிருக்கு. மீட்டிங்குக்கு வந்து போண்டா சாப்பிட்டு கையெழுத்து போட தத்துவக்காரர் வேணும். பசங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் :-)

ஆள் கிடைக்கலையாம். கிண்டியில மருத்துவப் பல்கலைக்கழகம். கூப்பிடு தூரத்துல அடையாறு ஐ.ஐ.டி.யின் ஹியுமானிட்டீஸ் துறை. சேப்பாக்கத்துல சென்னைப் பல்கலையின் ராதாகிருஷ்ணன் தத்துவ நிறுவனம். பி.எச்டி. முடிச்சுட்டு அங்கே இங்கே கெஸ்ட் லெக்சரரா அலையறவங்களைக் கேட்டுப் பாருங்க, கிடைக்கறாங்களான்னு தெரியும்.

"அவங்களுக்கு வார்டு தெரியாதே?" தெரியாதுதான். ஆறு மாசம் ரவுண்ட்ஸ் கூட்டிட்டுப் போங்க. ஒரு டாக்டரும் அவரும் சேர்ந்தே வகுப்பு எடுக்கட்டும். காலேஜுக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம், உதவிப் பேராசிரியர் சம்பளம். விளம்பரம் போடும்போது 'எம்.டி. அவசியம்'ங்கற வரியை மட்டும் எடுத்துடுங்க.