உறுதி இல்லாத ஒரு சந்தை



சந்தை என்றதும் எமக்கு நினைவில் வருவது மரக்கறியும் மீனும் கருவாடும்தான். மாட்டுச் சந்தையைக் கண்டவர்களும் எம்மிடையே இருப்பீர்கள். குதிரைகளுக்கென்றே நடக்கும் ஒரு சந்தையைப் பற்றியும், அதற்குக் குடும்பம் குடும்பமாக வந்து கூடும் மக்களைப் பற்றியும் இம்மாதம் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பிரியா என்னும் பகுதியில், ஈடன் ஆற்றங்கரையில் அப்பிள்பி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கு வசிப்போர் ஏறக்குறைய 3,000 பேர்தான். ஆனால் ஆண்டுதோறும் ஜூன் மாத முற்பகுதியில் சுமார் 10,000 ஜிப்சிகளும் ஏனைய நாடோடி மக்களும் அங்கே வந்து இறங்குகிறார்கள். வேடிக்கை பார்க்க வருவோர் இன்னும் 30,000 பேர் வரை என்கிறார்கள். தொலைவிலிருந்து சிலர் பழைய முறைப்படி குதிரை வண்டியிலேயே, வழியில் பல இரவுகள் தங்கித் தங்கி வருவார்கள்.

நான் நெடுந்தீவில் வளர்ந்தவள். பனைகளுக்கும் கல்வேலிகளுக்கும் நடுவே மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்வதைப் பார்த்தபடி பாடசாலை சென்றவள். அதனால் குதிரை என்றால் எனக்கு எப்போதும் ஒரு பிடிப்பு. லீட்ஸ் நகரில் வசிக்கும் என் தங்கையிடம் 2023 ஜூன் மாதம் சென்றிருந்தபோது, "அக்கா, உங்களுக்கு விருப்பமான இடம் ஒன்று இருக்கிறது" என்று அவள்தான் என்னை ரயிலில் அழைத்துச் சென்றாள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலப் பயணம்.

ஊருக்குள் சென்றதும் முதலில் கண்டது ஆற்றைத்தான். பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள், சேணம் எதுவும் இல்லாமல், வெறும் முதுகில் ஏறிக் குதிரைகளை ஆற்றில் இறக்கினார்கள். கரையோரத்தில் தண்ணீர் முழங்கால் அளவு. நடு ஆற்றில் குதிரை நீந்தவே தொடங்கிவிடும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தை ஊற்றி, பிடரி மயிரையும் வாலையும் கால் மயிரையும் தேய்த்துக் கழுவுகிறார்கள். நாங்கள் பிள்ளைகளுக்குத் தலை முழுக வார்ப்பதுபோல அவ்வளவு கவனம்.

அவர்கள் விரும்பி வளர்ப்பது 'கொப்' என்ற இனம். எமது மட்டக்குதிரையை விடச் சற்று உயரமானது. ஆனால் பந்தயக் குதிரை போல நெடியதல்ல. அகன்ற மார்பு, தடித்த கழுத்து, முழங்காலுக்குக் கீழே குளம்பை மூடித் தொங்கும் நீண்ட மயிர். பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக, அல்லது மண்ணிறமும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். வண்டி இழுக்கவும், பிள்ளைகள் காலடியில் விளையாடினாலும் மிரளாமல் நிற்கவும் பழக்கப்பட்டது. வீடே வண்டியாக இருந்தவர்களுக்கு வேகத்தை விடப் பொறுமைதான் முக்கியமாக இருந்திருக்கிறது.

கழுவிய குதிரையை ஒரு ஒடுங்கிய வீதியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். இரண்டு சில்லு கொண்ட இலேசான வண்டியைப் பூட்டி விரைவார்கள். சனங்கள் இரு பக்கமும் ஒதுங்கி நிற்க வேண்டும். வாங்க நினைப்பவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்; காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பார். பிறகு பேரம் தொடங்கும். ஒருவர் விலை சொல்லி மற்றவரின் உள்ளங்கையில் ஓங்கி அடிப்பார். மற்றவர் மறுவிலை சொல்லித் திருப்பி அடிப்பார். சுற்றி நிற்பவர்களும் சேர்ந்து இருவரின் கைகளையும் இணைத்துவிட முயல்வார்கள். கடைசி அடி விழுந்துவிட்டால் பேரம் முடிந்தது. எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. விற்றவர் தான் பெற்ற பணத்தில் சிறு தொகையை வாங்கியவர் கையில் திருப்பிக் கொடுப்பார். குதிரை போன இடத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கான காசு அது. எமது புதுவருடக் கைவிசேடம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

எல்லாம் அழகு என்று சொல்லவும் மாட்டேன். வெயிலில் திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டு வியர்வை நுரைத்து நின்ற ஒரு குதிரையையும் கண்டேன். மிருக நலச் சங்கத்தினர் சந்தை முழுவதும் சுற்றி வருகிறார்கள். களைத்த குதிரையைக் கண்டால் நிறுத்தித் தண்ணீர் காட்டச் சொல்கிறார்கள். ஊர் மக்களிலும் சிலருக்குச் சந்தை பிடிப்பதில்லை. குப்பை, சத்தம், நெரிசல் என்று குறை சொல்கிறார்கள். கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போவோரும் உண்டு. அந்த வாரத்து வியாபாரத்தை எதிர்பார்த்து இருப்போரும் உண்டு.

இந்த மக்கள் யார்? 'எகிப்தியர்' என்று தவறாக எண்ணி வைத்த பெயரே 'ஜிப்சி' என மாறியது. உண்மையில் றோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்களுடைய மொழியில் தண்ணீருக்கு 'பானி', மூக்குக்கு 'நாக்', காதுக்கு 'கான்'. சந்தைக்கு வரும் எல்லோரும் றோமா அல்ல. அயர்லாந்தைச் சேர்ந்த நாடோடி மக்களும் வருகிறார்கள்; அவர்கள் வேறோர் இனத்தவர்.

இங்கிலாந்துக்கு வந்த சில காலத்திலேயே, 1530இல், அவர்களை நாட்டை விட்டு வெளியேற்றச் சட்டம் போட்டார்கள். 1554இல், அலைந்து திரியும் வாழ்வை விடாதவர்களுக்கு மரண தண்டனை என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா எங்கும் நாசிகள் கொன்ற றோமா மக்களின் தொகை குறைந்தது இரண்டு இலட்சம் என்றும் ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடப்படுகிறது. அவுஷ்விட்ஸ் முகாமில் அவர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில் எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கும் அதிகமானோர் 1944 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு கொல்லப்பட்டனர். அந்த நாளை இன்றும் நினைவுகூருகிறார்கள்.

பிற்காலத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் தங்குவதற்கு இடம் ஒதுக்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கொடுத்தது. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. அனுமதியில்லாத இடத்தில் தங்கி, சேதமோ இடைஞ்சலோ உண்டாக்கி, போகச் சொல்லியும் போகாவிட்டால் அது குற்றம் என 2022இல் சட்டம் வந்தது. அவர்களுடைய வாகனத்தையும் பொலிஸார் கைப்பற்றலாம். வாகனம்தான் வீடு என்றால் கைப்பற்றப்படுவது வீடு அல்லவா? அச்சட்டத்தின் ஒரு பகுதி மனித உரிமைக்கு முரணானது என 2024இல் உயர் நீதிமன்றம் கூறியது.

குன்றின் மேல் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு வயதான அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். வளைந்த கூரையும் பூவேலைப்பாடும் கொண்ட பழைய மர வண்டி. உள்ளே பீங்கான் கோப்பைகள் மினுங்கின. வண்டியின் அருகே இரண்டு பேசின்கள் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்று பாத்திரத்துக்கு, மற்றது உடம்புக்கும் உடுப்புக்கும். இரண்டையும் மாற்றிப் பாவித்தால் தீட்டு என்றார். எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் அவருடன் நன்றாக ஒத்துப்போயிருப்பார்.

நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டார். போரையும், தீவை விட்டு வெளிக்கிட்டதையும், முகாமில் இருந்ததையும் தங்கை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கேட்ட முதற் கேள்வி: "குதிரைகளை என்ன செய்தீர்கள்?"

"அவை யாருக்கும் சொந்தமில்லை. அவை அங்கேயே நின்றன. நாங்கள்தான் வெளிக்கிட்டோம்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எங்களுக்கு மறுவளம். இடம் போய்விடும். குதிரை எங்களோடு வரும்" என்றார்.

பிறகு தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய வண்டியையும் உடைமைகளையும் எரித்துவிடுவது அவர்களின் வழக்கம். பாட்டியின் வண்டியும் அப்படியே எரிக்கப்பட்டதாம். செத்தவரின் பொருளை வைத்துப் பிரிவினை வரக்கூடாது, துக்கம் கூடவே பயணம் செய்யக்கூடாது என்று விளக்கினார்.

சகோதரிகளே, இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எம்மிலும் எத்தனை பேருடைய வீடும் கலியாணப் படமும் கூறைச் சேலையும் எரிந்து போயின! ஆனால் தாமே கூடி நின்று, அழுது, வழியனுப்பி எரிப்பது வேறு. கேளாமல் வந்து எரித்துவிட்டுப் போவது வேறு. அவர்களுக்கு நெருப்பு துக்கத்தை முடித்து வைத்தது. எமக்கோ நெருப்பிலேதான் துக்கம் தொடங்கியது. ஆகவே "போனதை மறந்துவிடு" என்று எவரும் எமக்குச் சொல்லும்போது, அது அவ்வளவு இலேசாக முடியாததற்கு எமது பலவீனம் காரணமல்ல. வழியனுப்ப எமக்கு நேரம் தரப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இச்சந்தைக்கு 1685இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்தப் பட்டயம் நடைமுறைக்கு வராமலே இரத்தாகிவிட்டது என்றும், இச்சந்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். 1775இல், ஊர் எல்லைக்கு வெளியே வேலி அடைக்கப்படாதிருந்த குன்றில், ஆடுமாடு ஓட்டி வந்தவர்களும் குதிரை வியாபாரிகளும் தாமாகக் கூடத் தொடங்கியதுதான் இது. கொடுத்தவர் எவரும் இல்லை. உரிமையாளர் எவரும் இல்லை. 2001இல் கால்நடை நோயாலும் 2020இல் கொவிட்டாலும் சந்தை நடக்கவில்லை. அடுத்த ஆண்டே மீண்டும் வந்தார்கள்.

எம்மில் பலரின் கையில் இன்று காணி உறுதி இல்லை. எடுக்கக்கூடிய பத்திரங்களைத் தேடி எடுத்துக்கொள்வது அவசியம். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் சலிக்காமல் கேளுங்கள். ஆனால் பத்திரம் வரும்வரை நாம் ஒன்றும் இல்லாதவர்கள் என்று எண்ண வேண்டாம். கிணற்றடியில் கூடுவதும், கோயில் திருவிழாவுக்கு வந்து சேர்வதும், சிதறிப்போன உறவுகள் ஆண்டுக்கொரு முறை ஒரு முற்றத்தில் சமைத்து உண்பதும் சிறிய காரியங்கள் அல்ல. விடாமல் வந்து கூடியே ஒரு சனம் ஒரு குன்றைத் தம்முடையதாக வைத்திருக்கிறது.

உங்கள் ஊரில் நின்றுபோன ஒரு சந்தையோ பொங்கலோ திருவிழாவோ இருந்தால், அதை மீண்டும் தொடங்க முதலில் யாரிடம் பேசுவீர்கள்? எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.